புளூம்ஃபொன்டெயின் வரை போனால் யார் கட்டுவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஒரு கோயில் கமிட்டித் தகராறு நீதிமன்றம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்ஸ்வர்த்தோ பீனிக்ஸோ, உங்கள் ஊரையே போட்டுக்கொள்ளலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலில் இல்லாத 30 பேர் கை தூக்கினார்கள், தேர்தல் செல்லாது என்று ஓர் அணி வழக்குப் போடுகிறது. கூட்டத்தின் வருகைப் பதிவேடும் உறுப்பினர் பதிவேடும் நீதிபதியின் மேசைக்குப் போகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடுகிறது. தேர்தல் ரத்து. பழைய தலைவர் வாசலில் நின்று, "புளூம்ஃபொன்டெயின் வரை போவோம்" என்கிறார்.

இது நான் கட்டிய கதை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதால் கேட்காத தமிழ்க் குடும்பம் நேட்டாலில் குறைவு. அப்பா விட்டுப்போன வீடு, பங்காளிகளின் கடை, வாடகை கட்டாமல் உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரர், எதில் ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவார். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் ஊர் அது. டர்பனிலிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டில் சண்டை போடுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது தூரத்தை நினைத்துச் சொல்வதில்லை. மானத்தை நினைத்துச் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து ஒரு தாள் வருகிறது. மேல்முறையீடு தள்ளுபடி. அதன் கீழே ஒரே ஒரு வரி: செலவை "அட்டர்னிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான அளவில்" தோற்றவர் கட்ட வேண்டும். அந்த வரியின் கனம் பலருக்கு அப்போது புரிவதில்லை, பில் வந்து சேரும்போதுதான் புரிகிறது.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதை ஒத்ததற்கு 'இன்டெம்னிட்டி காஸ்ட்ஸ்' என்று பெயர். ஜெயித்தவருக்குக் கைநஷ்டம் வராதபடி ஈடு கட்டுவது என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பெயர் கிடையாது. இங்கே இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: 'பார்ட்டி அண்ட் பார்ட்டி' என்பது சாதாரண அளவு, 'அட்டர்னி அண்ட் கிளையன்ட்' என்பது தண்டனை அளவு.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியை இந்த மண்ணில் முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். 1893-ல் ஒரு வியாபாரிகள் வழக்குக்காக டர்பனில் வந்து இறங்கிய காந்தி. 40,000 பவுன் கேட்டு நடந்த வழக்கு அது. தரப்புக்குத் தரப்பு வாங்கிக்கொடுக்கும் செலவு ஒரு கட்டணப் பட்டியலுக்குள் அடங்கியது என்றும், கட்சிக்காரர் தன் வக்கீலுக்கு உண்மையில் கொடுப்பது அதைவிட மிக அதிகம் என்றும் அவர் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். ஜெயித்தாலும் நஷ்டம்தான் என்று கண்டுதான் இரண்டு பேரையும் பேசி மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். 130 வருடம் ஆகிவிட்டது, அந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு இடைவெளி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 12 முதல் உயர் நீதிமன்ற விதிகளில் 67ஏ என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. சாதாரண அளவில் செலவு கட்டச் சொல்லும்போது, நீதிமன்றத்தில் நின்று வாதாடும் அட்வகேட்டின் கட்டணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று உச்சவரம்பு. கால் மணி நேரத்துக்கு ஏ என்றால் 375 ரேண்ட், பி என்றால் 750, சி என்றால் 1,125. நீதிபதி எதுவும் சொல்லாவிட்டால் ஏ. உங்கள் அட்வகேட் மணிக்கு 5,000 ரேண்ட் வாங்குகிறார், உங்கள் வேலைக்கு 12 மணி நேரம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுத்தது 60,000. ஏ அளவில் எதிராளியிடமிருந்து அதிகபட்சம் திரும்பி வருவது 18,000. மீதி 42,000 உங்கள் பையிலிருந்து போனது போனதுதான். நீங்கள் ஜெயித்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு சிக்கலானது என்று நீதிபதி சி அளவு கொடுத்தால் 54,000 வரும், 6,000 போகும். தண்டனை அளவு வந்தால் இந்த வரம்புகள் குறுக்கே நிற்காது. புதிய விதி சாதாரண அளவுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று விதி வந்த அதே மாதத்திலேயே ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் விளக்கிச் சொல்லிவிட்டது.

சரி, எப்போது தண்டனை அளவு வரும்? இங்கேதான் ஊரில் தவறான எண்ணம் அதிகம். தோற்றால் வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எதிராளி மோசமானவர் என்பதால் அவருக்கு நிச்சயம் வரும் என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை.

பழைய அடிப்படை 1946-ல் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் நெல் என்பவரின் வழக்கில் சொன்னது. வழக்கு எழுந்த சூழ்நிலையிலோ தோற்றவர் நடந்துகொண்ட விதத்திலோ ஏதாவது விசேஷக் காரணம் இருந்தால், ஜெயித்தவர் கையை விட்டுச் செலவழிக்காதபடி பார்த்துக்கொள்வது நியாயம் என்றது. 1973-ல் வார்டு எதிர் சல்ஸர் வழக்கில் நீதிபதி ஹோம்ஸ் அந்த நடத்தைகளுக்குப் பெயர் வைத்தார்: தொந்தரவுக்கென்றே வழக்காடுவது, மனசாட்சியில்லாமல் நடப்பது, இழுத்தடிப்பது, பொய் சொல்வது. பட்டியல் இத்தோடு முடியவில்லை என்றும் சொன்னார். இதில் 'பலவீனமான வாதம்' என்று ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பலவீனமாக இருந்து தோற்பது குற்றமில்லை. டர்பன்காரர் சுப்ரமணி வழக்கு இங்கே பலருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் சூப்ரமணி என்று எழுதுவார்கள். சிறுநீரகம் செயலிழந்த அவர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார், இல்லை என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார், அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார், 1997 நவம்பரில் அங்கேயும் தோற்றார். அவர் மேல்முறையீடு செய்ததை யார் குற்றம் சொல்ல முடியும்? உயிருக்காகக் கேட்டார், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். இன்றைக்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். தோல்வி வேறு, துஷ்பிரயோகம் வேறு என்று புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

ஆனால் கெட்ட எண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 1929-ல் கேப் நீதிமன்றம் அலூவியல் கிரீக் என்ற கம்பெனி வழக்கில் ஒன்று சொன்னது: வழக்காடுகிறவர் மனதில் நேர்மை இருக்கலாம், தன் பக்கம் நியாயம் என்று உறுதியாகவும் நம்பலாம், அப்படியிருந்தும் எதிராளி சுமக்கத் தேவையில்லாத அலைச்சலையும் செலவையும் அவர் தலையில் வைத்தால் அது விளைவில் தொந்தரவு வழக்குதான். நம் கோயில் தலைவருக்கு இந்த வரியைப் படித்துக்காட்ட வேண்டும். அவர் மனசார நம்புகிறார். பிரச்சினையே அதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கடிவாளமும் உண்டு. தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கத்தின் வழக்கில், இந்த அளவு அசாதாரணமானது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டிக்கத்தக்க நடத்தைக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியது என்றது. அரசியல் சாசன நீதிமன்றமும் பிறகு அதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆக, நீதிபதிகள் கை தாராளமாக இல்லை. எதிராளியின் அட்டர்னி நோட்டீஸில் 'தண்டனை அளவில் செலவு கேட்போம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். அது பெரும்பாலும் மிரட்டல். டைப் அடிக்கக் காசு செலவாகாது.

ஆஸ்திரேலியாவில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார்கள். 1988-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி, சரியான ஆலோசனை கிடைத்த ஒருவர் ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டிய வழக்கைத் தொடுத்தால், உள்நோக்கம் இருக்கிறது அல்லது தெரிந்த உண்மையையும் சட்டத்தையும் வேண்டுமென்றே அலட்சியம் செய்தார் என்று ஊகிக்கலாம் என்றார். 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற அந்த ஒட்டு முக்கியம். மேல்முறையீட்டில் அது இன்னும் கூர்மையாகிறது. முதல் வழக்குப் போடும்போது, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடம் உண்டு. மேல்முறையீட்டுக்கு வரும்போது ஒரு நீதிபதி உட்கார்ந்து, பக்கம் பக்கமாக, நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

இங்கே வாசல்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக நேரே புளூம்ஃபொன்டெயினுக்கு பஸ் ஏற முடியாது. முதலில் தீர்ப்பு சொன்ன நீதிபதியிடமே போய், "ஐயா, உங்கள் தீர்ப்பு தப்பு, மேலே போக அனுமதி கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். அதற்கு 15 நீதிமன்ற நாட்கள். 2013-ன் மேல் நீதிமன்றச் சட்டம், 17-ஆம் பிரிவு, நியாயமான வெற்றி வாய்ப்பு 'இருக்கும்' என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் அனுமதி என்கிறது, இல்லாவிட்டால் வேறு வலுவான காரணம் வேண்டும். பழைய வழக்கத்தில் 'இருக்கலாம்' என்பது போதுமானதாக இருந்தது. 'லாம்' போய் 'இருக்கும்' வந்ததில் கதவு இறுகிவிட்டது என்று பல நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அவர் மறுத்தால் ஒரு மாதத்துக்குள் புளூம்ஃபொன்டெயினுக்கு மனு. அங்கே இரண்டு நீதிபதிகள், வழக்கமாகக் காகிதத்தை வைத்தே முடிவெடுப்பார்கள். அதுவும் போனால் அரசியல் சாசன நீதிமன்றம்.

இத்தனை வாசலிலும் விடாமல் தட்டுவதற்கு என்ன ஆதாயம்? 18-ஆம் பிரிவில் இருக்கிறது பதில். மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு மனு போட்ட நிமிடமே, கீழ்த் தீர்ப்பை நிறைவேற்றுவது சாதாரணமாக நின்றுவிடும். விசேஷச் சூழ்நிலையும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பும் இருப்பதாக ஜெயித்தவர் நிரூபித்தால்தான் உடனே நிறைவேற்ற முடியும். இதை மனதில் வைத்து நம் கோயிலைப் பாருங்கள். தேர்தல் ரத்தானது. பழைய கமிட்டி மனு போடுகிறது. சாவி யாரிடம்? பழைய கமிட்டியிடம். வங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது? அவர்களுடையது. இந்த வருடத் தைப்பூசக் காவடியும் ஆடி மாதக் கூழ் ஊற்றலும் அவர்கள் தலைமையில்தான் நடக்கும். வாடகை கட்டாத குடித்தனக்காரர் அதேபோல் இன்னொரு எட்டு மாதம் உள்ளேயே இருப்பார். ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. வழக்கு உயிரோடு இருந்தால் போதும். தகுதியில்லாத மேல்முறையீடுகளில் பெரும்பகுதி இப்படி நேரம் வாங்குவதற்குத்தான் என்பது என் கணிப்பு. தண்டனைச் செலவு அந்த நேரத்துக்கு நீதிமன்றம் போடும் விலை.

நேரம் வாங்க வந்தவரை நீதிபதிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மேல்முறையீட்டுக் காரணங்களைப் படித்தால் தெரியும். கீழே தோற்ற வாதம் அதே வார்த்தைகளில் மறுபடி வந்திருக்கும், தீர்ப்பு அதற்குச் சொன்ன பதிலைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. அந்த இரண்டு பதிவேடுகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் இருக்காது. நீதிபதி பாரபட்சமானவர் என்று இரண்டு பக்கம் இருக்கும். ஆவணத் தொகுப்பு கெடு தாண்டி வரும், தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனுவும் கூடவே வரும். விசாரணைத் தேதிக்கு முதல் வாரம் வக்கீல் மாறுவார்.

மறுபக்கம், அனுமதி கிடைத்துவிட்ட மேல்முறையீட்டில் தண்டனைச் செலவு வாங்குவது கடினம். வெற்றி வாய்ப்பு இருக்கும் என்று ஒரு நீதிபதியே சொன்ன பிறகு, அதில் சாரமே இல்லை என்று எதிராளி எப்படி வாதாடுவார்? நடத்தையில் ஏதாவது இருந்தால்தான் உண்டு. அதனால் அனுமதி கேட்கும் கட்டத்தில்தான் கத்தி அதிகம் விழுகிறது.

கமிட்டி வழக்குக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கமிட்டியின் பதவிக்காலம் இரண்டு வருடம் என்றால், மேல்முறையீடு விசாரணைக்கு வரும்போது அடுத்த தேர்தலே முடிந்திருக்கும். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தீர்ப்பால் நடைமுறையில் ஒரு பலனும் இல்லையென்றால் அந்தக் காரணத்துக்காகவே மேல்முறையீட்டைத் தள்ளலாம் என்கிறது. "பலன் இல்லாவிட்டாலும் செலவு யார் கட்டுவது என்று தீர வேண்டாமா?" என்ற சாக்கையும், விசேஷச் சூழ்நிலை இருந்தாலொழிய, சட்டம் முன்கூட்டியே அடைத்துவிட்டது. இரண்டு வருடம் சாவியைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, கடைசியில் செத்த பாம்பை அடிக்க நீதிமன்றத்தைக் கூப்பிட்டால் செலவு உத்தரவு எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

பலனில்லாத வழக்கு எல்லாமே இப்படியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பெண் மூக்குத்தி போடக்கூடாது என்று தடுத்த வழக்கு 2007-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தீர்ந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள். ஆனாலும் நீதிமன்றம் வழக்கைக் கேட்டு முடிவு சொன்னது. ஏனென்றால் பதில் அவளுக்கு மட்டுமானதில்லை, நாடு முழுக்க உள்ள பள்ளிகளுக்கானது. மேல்முறையீட்டுக்குப் போன பள்ளித் தரப்பும் மாகாணக் கல்வித் துறையும்தான் அங்கே தோற்றன. அதை வீண் மேல்முறையீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அரசுக்கு எதிராக அரசியல் சாசன உரிமைக்காக வழக்காடுகிறவருக்கு 2009-ன் பயோவாட்ச் தீர்ப்பு ஒரு குடை. மரபணு மாற்றப் பயிர்கள் பற்றிய தகவல் கேட்டுப் போன பயோவாட்ச் என்ற அமைப்பை, குறுக்கே வந்த மான்சான்டோ கம்பெனியின் செலவையும் கட்டச் சொல்லியிருந்தார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உண்மையான அரசியல் சாசனக் கேள்வியோடு அரசிடம் மோதித் தோற்றவர் பொதுவாகச் செலவு கட்ட வேண்டியதில்லை என்றது. அற்பமாகவோ தொந்தரவுக்காகவோ வந்தால் அந்தக் குடை இல்லை. கோயில் அணியும் கோயில் அணியும் மோதும்போது பயோவாட்ச் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, எதிரே நிற்பது அரசு இல்லை. வேலைத் தகராறுகளில் கணக்கே வேறு: தோற்றவர் கட்டுவார் என்ற விதியே அங்கே தானாக வராது.

இனி, யார் பையிலிருந்து? இந்தப் பேச்சை நம் கமிட்டிகளில் யாரும் எடுப்பதில்லை. தலைவர் 'நான் கட்டுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வழக்காடுவதில்லை. கோயில் கட்டுகிறது. அதாவது உண்டியலில் போட்டவர்கள் கட்டுகிறார்கள். அறங்காவலர் மாதிரி பிறர் சார்பில் வழக்காடுகிறவர் நியாயமில்லாமலோ கெட்ட எண்ணத்தோடோ நடந்தால், சொந்தப் பணத்திலிருந்து கட்டு என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். லத்தீனில் 'டி போனிஸ் ப்ராப்ரியிஸ்' என்பார்கள். மோசமாக வழக்கை நடத்திய வக்கீல் மேலும் அது விழலாம்.

இது எவ்வளவு உயரம் வரை போகும் என்பதற்கு 2019 ஜூலை 22-ன் தீர்ப்பு சாட்சி. அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் பதவியில் இருந்த புசிசிவே ம்க்வெபானே, ரிசர்வ் வங்கியோடு நடந்த வழக்கில் வங்கியின் செலவில் 15 சதவீதத்தைச் சொந்தப் பணத்தில், அதுவும் தண்டனை அளவில் கட்ட வேண்டும் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை எதிர்த்து அவர் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். உத்தரவு அப்படியே நின்றது. வழக்கு நடந்தபோது அவர் உண்மைக்கு மாறானவற்றைச் சொன்னார் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. அன்றைய தலைமை நீதிபதி மொகோயெங் மாறுபட்டு, தனிப்பட்ட செலவு உத்தரவு கூடாது என்று எழுதினார். ஒரு பெரிய பதவிக்காரர் பயத்தோடு வேலை செய்யக்கூடாது என்ற அவருடைய கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கோயில் தலைவருக்கு அந்தக் கவலை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உத்தரவு வந்துவிட்டது, பணம் வந்துவிடுமா? இல்லை. அடுத்த நிறுத்தம் டாக்ஸிங் மாஸ்டர். பெயரைப் பார்த்து வரித்துறை ஆள் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றத்தில் செலவுப் பில்லைச் சரிபார்க்கும் அதிகாரி. மேசையில் பில் கிடக்கும்: வரிசை எண், தேதி, என்ன வேலை, எவ்வளவு. கடிதம் படித்தது. பதில் எழுதியது, இத்தனை பக்கம். கட்சிக்காரரோடு பேசியது, இத்தனை கால் மணி நேரம். மறுபடி பேசியது. நகல் எடுத்தது. தோற்றவரின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் மறுப்புச் சொல்லுவார்: "இந்தக் கூட்டம் எதற்கு? முந்தின நாள்தானே பேசினார்கள்?" அதிகாரியின் பேனா சில வரிகளை அடிக்கும், சிலவற்றைக் குறைக்கும், சிலவற்றை விட்டுவிடும். தண்டனை அளவிலும் இதுதான் நடக்கும், பேனா கொஞ்சம் தயங்கி நகரும், அவ்வளவே. நியாயமில்லாத செலவு எந்த அளவிலும் தேறாது. முழுச் செலவு என்று தீர்ப்பில் படித்துவிட்டு முழுத்தொகையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களை இந்த மேசை ஏமாற்றத்தோடுதான் அனுப்பும். கடைசியில் ஒரு முத்திரை, ஒரு தொகை. அதற்கும் தோற்றவர் கட்டாவிட்டால், நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஷெரிப்பை அனுப்ப வேண்டும். ஷெரிப் போய்ப் பார்க்கும்போது வீடு மனைவி பெயரிலும் கார் மகன் பெயரிலும் இருக்கும்.

இதற்குத்தான் உயர் நீதிமன்ற விதி 49-ல் ஒரு முன்னெச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். மேல்முறையீடு செய்கிறவர், எதிராளி விட்டுக்கொடுத்தாலோ நீதிமன்றம் விலக்கு அளித்தாலோ தவிர, எதிராளியின் செலவுக்கு முன்கூட்டியே ஜாமீன் கட்ட வேண்டும். திரும்பத் திரும்ப ஆதாரமில்லாமல் வழக்குப் போடுகிறவரை, நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் இனி வழக்கே போட முடியாதபடி கட்டிப்போட 1956-ஆம் வருடச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அது அபூர்வமாகத்தான் வெளியே வரும்.

தகராறு சின்னதென்றால் இந்த ஊர்வலமே வேண்டாம். 20,000 ரேண்டுக்குள் அடங்கினால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீல் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

நம் கதைக்கு வருவோம். தீர்ப்பு வந்து 11-ஆவது நாள். அட்டர்னி ஆபீசில் தலைவர், பொருளாளர், இன்னும் இரண்டு பேர். அட்டர்னி சின்னப் பெண், தலைவருக்குத் தெரிந்த குடும்பம். வாய்ப்பு எப்படி என்று அவள் ஏற்கெனவே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள், தலைவர் அதைப் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. "நீ மனுவைப் போடும்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

"போடுகிறேன் மாமா. ஒரு கையெழுத்து வேண்டும்" என்று ஒரு தாளை நகர்த்துகிறாள். வெற்றி வாய்ப்புக் குறைவு என்று சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன், இருந்தும் போடச் சொல்கிறேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துக்கான கோடுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒருவர் பெயர். கோயில் பெயர் எங்கேயும் இல்லை.

பொருளாளர் தாளைக் கையில் எடுக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறார்.